வரிசை எண்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி கடக்கும்வரை
மீன்பாடி வண்டியில் உட்கார்ந்து
என் வார்டை மடியில் வைத்திருந்தேன்.
எட்டுக் கட்டு.
ஜெராக்ஸ் சூடு இன்னும் ஆறவில்லை.

பெண்கள் வார்டு என்று அறிவித்த அன்று
எங்கள் தெருவில் ஐந்து ஆண்கள்
மனைவியின் பெயரைப் பிழையில்லாமல் எழுதப் பழகினார்கள்.
எனக்குப் புருஷன் இல்லை.
நானே எழுதிக்கொண்டேன்.
சுயேச்சை. சின்னம் தையல் மெஷின்.

முதலில் என்னைத்தான் தேடினேன்.
ஏகவல்லிக்கு ஏகவள்ளி.
வயதில் நான்கு கூட்டியிருந்தார்கள்.
பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு.
பதினான்காம் எண்ணில் முப்பத்தொரு பேர்.
கண்ணகி நகருக்கு வண்டியேற்றப்பட்டவர்கள்
இன்னும் இங்கேயே குடியிருந்தார்கள், தாளில்.
செத்துப்போன சாலமனுக்கு
இந்த வருடமும் ஒரு வயது ஏறியிருந்தது.
சாவித் துவாரத்தில் கண் வைத்தவள்போல
விடியும்வரை படித்தேன்.
என்னை யாரும் பார்க்கவில்லை.

எத்திராஜ் சொன்னான்:
"பேரைச் சொல்லிக் கூப்டுக்கா.
பேரைச் சொன்னா ஜனம் உருகிப்பூடும்."

ஆட்டோவில் மைக் கட்டி
இரண்டாவது சந்தில் நுழைந்தோம்.
கதவு எண், மாடி, பெயர், தகப்பன் பெயர்
ஒவ்வொன்றாய் உரக்க வாசித்தேன்.
ஜன்னல்கள் திறந்தன. சிரித்தார்கள்.
ஒரு ஜன்னல் மட்டும் மூடியது.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.
கணவர் இருக்க வேண்டிய இடத்தில்
அவளுக்குத் தந்தை இருந்தார்.
அதைக் கவனித்தேன்.
அந்த ஒரு சொல்லை மாற்ற
எத்தனை ஆபீஸ் படி ஏறியிருப்பாள் என்று
யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாடி காலி.
டூலெட் அட்டை தொங்கியது.
கீழ் வீட்டுக்காரி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:
"ராயபுரத்துலேர்ந்து ஒர்த்தன் வந்தான்.
இன்னாரு வூடு இதானேன்னு கேட்டான்.
நீதான மைக்குல சொன்ன?"

கோபமாகக்கூட கேட்கவில்லை.

அன்று இரவே வந்தார் வாரவட்டி தேசப்பன்.
கொடி, துணி, ஆட்டோ வாடகை
எல்லாம் என் பொறுப்பு என்றார்.
"ஒரு நைட்டு அத்த என்கிட்ட குடும்மா.
போட்டோ புட்சிகினு காலைல குட்துர்றேன்.
துட்டு வாங்கினு ஓடிப்போனவன்லாம்
எங்க கீறான்னு பாக்கணும், அவ்ளோதான்."

கொடிக்காரனுக்கு மூவாயிரம் பாக்கி.
எத்திராஜ் என் முகத்தையே பார்த்தான்.
நான் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.
வேறு பூட்டு என்னிடம் இல்லை.

மிச்ச நாளெல்லாம்
வெறுங்கையோடு கதவு தட்டினேன்.
குழாயில் சாக்கடை கலந்து வருவதைப் பற்றிப் பேசினேன்.
"எங்க வூட்ல எத்தினி ஓட்டுன்னு தெரியுமா ஒனக்கு?"
"நீங்க சொன்னா தெரியும்."
சிலர் சொன்னார்கள்.
சிலர் பாதிக் கதவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இருநூற்று ஆறு ஓட்டு. டெபாசிட் போனது.

பஜ்ஜிக் கடைக்காரி முன்பே சொல்லி வைத்திருந்தாள்,
பழைய பேப்பர் எல்லாம் தனக்கென்று.
லாரி வந்த நாளில் மூன்று குடம் ஒதுக்கினேன்.
குடிக்கிற தண்ணியை இப்படியா என்று
தெரு என்னைத் திட்டியது.
அண்டாவில் கிழித்துக் கிழித்துப் போட்டு
ராத்திரி முழுக்க ஊறவைத்தேன்.
ஜெராக்ஸ் மசி கரையவில்லை.
தாள்தான் கூழானது.
ஒரு 'ள்', ஒரு வயது, பாதிக் கதவு எண்
விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தன.

எத்திராஜ் பக்கத்தில் குந்தினான்.
கேட்காமலே போனை எடுத்தான்.
சும்மா வெச்சிருந்தேன்க்கா என்றான்.
நான் பார்க்கும்படி நீட்டிப் பிடித்து
ஒவ்வொரு பக்கமாய் அழித்தான்.
எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பது.

நாற்பத்தொன்று இருந்ததா என்று
இன்னும் அவனைக் கேட்கவில்லை.